நூற்று எண்பத்தொன்றாம் நாள்

1

மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை விடுமுறை. எட்டு மணிக்குத் துணி துவைப்பேன். ஒன்பதுக்கு அறையைப் பெருக்கித் துடைப்பேன். பத்துக்கு, வாரத்துக்கு வேண்டிய மீனைக் கழுவி ஆறு பொட்டலமாக்கி ஃபிரிட்ஜில் அடுக்குவேன். பதினொன்றுக்கு ஊருக்கு போன். இருபத்திரண்டு வருடமாக ஒரு கட்டுமானக் கம்பெனியின் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவன் நான். எதையும் வரிசைப்படி செய்தால்தான் செய்த மாதிரி இருக்கும்.

இன்று காலை டைரியைப் பிரித்தபோது பக்கத்தின் மேல் மூலையில் பென்சிலில் என் கையெழுத்திலேயே ஒரு குறிப்பு இருந்தது: ‘அபி கார்டு – ஒரு வருடம்.’ ஜனவரியில் புது டைரி கைக்கு வந்ததும் முக்கியமான நாட்களை அந்தந்தப் பக்கத்தில் எழுதிவைப்பது என் பழக்கம். பிறந்தநாள், கல்யாண நாள், பாஸ்போர்ட் முடிகிற நாள், கிடங்கில் தீயணைக்கும் சிலிண்டர்களைச் சோதிக்க வேண்டிய நாள். அவற்றோடு இதையும் எழுதியிருக்கிறேன். எழுதும்போது என்ன நினைத்தேன் என்பது நினைவில்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே வேலை பார்க்கிறவனின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அவன் பொறுப்பில் குடியிருப்பு அட்டை கிடைக்கும். அட்டை இருந்தால் எப்போது வேண்டுமானாலும் வரலாம், போகலாம். ஒரே நிபந்தனை: தொடர்ந்து நூற்று எண்பது நாளுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருக்கக்கூடாது. நூற்று எண்பத்தொன்றாம் நாள் அட்டை செத்துவிடும். இங்கே எல்லோரும் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். “உம்ம வீட்டுக்காரி கார்டு உயிரோட இருக்கா?” என்று சாயாக்கடையில் வைத்துக் கேட்பார்கள்.

அதனால், படிப்புக்காகப் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிட்ட குடும்பங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் இங்கே வந்துபோகும். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, மஸ்கட்டில் இறங்கி, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி, அப்பாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். என் மனைவி லதாவும் மகள் அபிஷாவும் பதினான்கு தடவை அப்படி வந்தார்கள். பதினைந்தாவது தடவை வரவில்லை.

ஏன் என்று எழுத எனக்கு ஒரு வருடம் ஆகியிருக்கிறது. ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டிலிருந்துதான் அதைத் தொடங்க வேண்டும். ஐம்பத்து மூன்று வயதுக்காரன் எழுதுகிற விஷயமா என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது.

2

2004. அபிக்கு ஒன்பது வயது. இங்கேயே நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கும் கடையில் நசீர் என்று ஒருவன் இருந்தான். இப்போதும் இருக்கிறான். தேங்காய்ப்பட்டணத்துக்காரன். வாய் ஓயாது.

“அண்ணே, இதுல சுடுகது கொல்லுகது ஒண்ணும் கெடையாது. ஒரு அப்பனும் மகளும் தோணியில போறாவ, அவ்வளவுதான். அதனால ஒருத்தனும் வாங்க மாட்டேங்கான். நீங்க கொண்டு போங்க,” என்று ஒரு பெட்டியை நீட்டினான்.

அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் இருந்தது. நாங்கள் ‘தோணி’ என்றே சொன்னோம். ஒரு ஆறு. ஆற்றில் பன்னிரண்டு கரைகள். அப்பா தோணி ஓட்டித் தபால் கொண்டுபோகிறார். முன்னால் சின்ன மகள் விளக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மூடுபனியில் அவள் விளக்கு காட்டுகிற இடம்தான் வழி. இரண்டு பேர் சேர்ந்துதான் ஆட முடியும். ஒரு ஜாய்ஸ்டிக்கில் துடுப்பு, மற்றதில் விளக்கு. துடுப்பு எனக்கு. விளக்கு அபிக்கு.

ஒவ்வொரு கரையிலும் திரையில் ஒரு கேள்வி வரும். கடிதங்களைத் தோணியில் இருந்தபடியே கொடுக்கப் போகிறாயா, மகளிடம் கொடுத்து அனுப்பப் போகிறாயா? அனுப்பினால் அவள் இறங்கி ஊருக்குள் போவாள். எப்போது திரும்புவாள் என்று சொல்ல முடியாது. சிலநேரம் இரண்டு நாள்கூட ஆகும். மேலே மூலையில் ஒரு மணல் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். கடிதம் பிந்தும்.

“அப்பா, நான் எறங்கட்டா?”

“வேண்டாம் மக்கா. நேரம் போவும்.”

“அங்க ஒரு பிள்ள கை காட்டுது பாருங்க.”

“அடுத்த கரையில பாக்கலாம்.”

அடுத்த கரையிலும் நான் பையைத் தோணியிலிருந்தே கொடுத்தேன். மணல் பாதி விழுவதற்குள் கிளம்பிவிடுவோம். ஒவ்வொரு கரைக்கும் பன்னிரண்டு கடிதங்கள். ஒன்றும் பிந்தவில்லை. அபி விளக்கைப் பின்பக்கம் திருப்பி, கை காட்டிய பிள்ளையின் மேல் கொஞ்ச நேரம் வெளிச்சம் விழ வைப்பாள். “முன்னால காட்டு மக்கா, வழி தெரியல்ல,” என்பேன்.

3

2006 ஜூனில் லதாவையும் அபியையும் ஊருக்கு அனுப்பினேன். இங்கே இருந்த எல்லாக் குடும்பங்களும் ஆறாம் வகுப்புக்கு அனுப்பின. ராஜாக்கமங்கலத்தில் கட்டிய வீடு பூட்டிக் கிடந்தது. அபிக்குத் தமிழ் எழுதவும் தெரியவில்லை. இந்த மூன்று காரணங்களையும் அன்றைய டைரியில் எண் போட்டு எழுதியிருக்கிறேன்.

நாகர்கோவில் பள்ளியில் முதல் ஆறு மாதம் அவளை ‘மஸ்கட்’ என்றுதான் கூப்பிட்டார்களாம். “ஏலே, மஸ்கட்டுக்குத் தமிழ்ல ‘ஞ’ போடத் தெரியாது, வாங்க பாப்போம்.” அவளுக்கு ‘ஞ’ போடக் கற்றுக்கொடுத்தவள் அடுத்த வீட்டு ஷைனி. அதே வகுப்பு, அதே பஸ். ஷைனியின் அப்பா கொச்சிப் படகுகளில் தங்கல் மீன்பிடிக்குப் போகிறவர். கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். அம்மா செலின் சந்தையில் மீன் விற்றார். விடியுமுன் கிளம்ப வேண்டியவர், அதற்குள் ஷைனிக்கும் அபிக்கும் சேர்த்தே தலை பின்னி விட்டுவிடுவார். லதா போனில் சொல்லிச் சிரிப்பாள்: “உங்க பிள்ள தலையில மீன் மணம் அடிக்கி. செலின் மாமி பின்னுனாத்தான் பின்னல் நிக்குமாம். நான் பின்னுனா அவுந்து போவுதாம்.”

மே மாதப் பயணத்தில் சிரமமில்லை. கோடை விடுமுறை. நவம்பர்ப் பயணம் பள்ளி நடக்கும்போது வரும். ஒவ்வொரு நவம்பரிலும் ஏழு நாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாள். விளையாட்டுப் போட்டி, ஆண்டுவிழா ஒத்திகை, ஒரு வருடம் தேக்கடிச் சுற்றுலா எல்லாம் அந்த ஏழு நாட்களுக்குள் வந்து போயின. அவள் ஒன்றும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. வரும் தேதி, போகும் தேதி, அடுத்த கெடு நாள் மூன்றையும் சிவப்பு மையில் எழுதிச் சுவரில் ஒட்டிவைப்பேன்.

ஒவ்வொரு வருகையிலும் ஒரு மாலையாவது தோணி ஆடுவோம். அவள் இல்லாதபோது நான் அதைத் திறப்பதில்லை. அவள் போன மறுநாள் விளையாட்டில் நாங்கள் ஆடியது பதிந்திருக்கும் கோப்பைக் குறுந்தகட்டில் நகல் எடுத்து, தேதி எழுதி, உறையில் போட்டு வைப்பேன். ஒவ்வொரு தடவையும் விளக்குப் பிடித்தவளின் கை கொஞ்சம் பெரிதாகியிருந்தது. பேச்சும் மாறிக்கொண்டே வந்தது. கடைசியில் அவள் பேசுகிற ஊர்த் தமிழுக்கு முன்னால் என்னுடையது பழைய பாஸ்போர்ட் படம் மாதிரி ஆகிவிட்டது. “அப்பா, இப்ப யாரும் அப்பிடிச் சொல்ல மாட்டாவ,” என்பாள்.

2011 நவம்பரில் பன்னிரண்டாம் கரையை முடித்தோம். ‘நூற்று நாற்பத்து நான்கு கடிதங்கள், ஒன்றும் பிந்தவில்லை’ என்று திரையில் ஒரு சான்றிதழ் வந்தது. மறுநாள் அதை ஆபீஸில் அச்செடுத்து, ஆடி முடித்த நாளின் பக்கத்தில் ஒட்டினேன்.

4

2013 மே. பதினான்காவது வருகை. அபி பிளஸ் டூ முடித்திருந்தாள். பதினெட்டு வயது. அவர்கள் வந்த மறுநாள் நசீர் தெருவில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணே, உங்க தோணிப் பிள்ள வளந்து வந்திருக்கு!”

இரண்டாம் பாகம். ஒன்பது வருடம் கழித்து வந்திருந்தது. பெட்டியின் மேல் அதே தோணி, அதே ஆறு. ஆனால் துடுப்பு மகள் கையில். முன்னால் விளக்கோடு உட்கார்ந்திருந்தவர் அப்பா. தலை நரைத்திருந்தது.

“வல்லாத்த சங்கடமான வெளையாட்டாக்கும் அண்ணே. எங் கடைக்கு வாற பயலுவ பாதியில திருப்பிக் கொண்டு தந்துட்டுப் போறானுவ. அவளுக்கு இருக்கதுக்கு ஒரு ஊரு தேடணும், அதுதான் வேல. பழைய கோப்பு இருந்தா அதையும் எடுத்துக்கிடும். வச்சிருக்கியளா?”

வைத்திருக்கிறேனா! குறுந்தகட்டை எடுத்துப் போட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பழக்கத்தில் முதல் ஜாய்ஸ்டிக்கை நான் எடுத்தேன். அபி சிரித்தாள்.

“அப்பா, அது இப்போ என்னோடது. நீங்க முன்னால போய் உக்காருங்க. வெளக்க மட்டும் பிடிச்சாப் போதும்.”

முதல் கரை வந்தது. அபி தோணியை நிறுத்தினாள். இந்தத் தடவை திரையில் கேள்வி வரவில்லை. மகள் தானாக இறங்கினாள். கரையில் நின்ற ஒரு பெண் தோணியைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். கீழே எழுத்து ஓடியது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘இந்தத் தோணியை எங்களுக்குத் தெரியும். கடிதம் ஒருநாளும் பிந்தியதில்லை. நீ யார்?’

அபி சத்தமாகச் சிரித்தாள். இரண்டாம் கரையிலும் அதையே கேட்டார்கள். மூன்றாவதிலும். எங்கேயும் தங்க இடம் கிடைக்காமல் ஒவ்வொரு தடவையும் அவள் தோணிக்கே திரும்பி வந்தாள். ஆட்டத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்து நசீரை வரச் சொன்னேன். வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“கோளாறு ஒண்ணும் இல்ல அண்ணே. முந்தி ஆடும்போ பிள்ளைய ஒரு கரையிலயும் எறக்கி விடல்லியா?”

“இல்ல. கடிதம் பிந்தும்லா.”

“பின்ன எப்பிடி அவளுக்கு ஆளத் தெரியும்? எந் தங்கச்சி மக ஒருத்தி இருக்கா. ஒரு கடிதமும் நேரத்துக்குக் குடுக்கல்ல. மழையில நனைஞ்சதும் உண்டு, ஆத்துல விழுந்ததும் உண்டு. இப்ப ரெண்டாம் பாகத்துல தோணி வாறத கண்டாலே கரை பூரா ஓடி வாறாவ. சோறு தாறாவ, பாய் விரிச்சுக் குடுக்காவ.” சாயாவைக் குடித்துவிட்டு என் முதுகில் தட்டினான். “நீங்க நல்ல தபால்காரன் அண்ணே. அதுக்கு என்ன செய்ய?”

அபி இப்போது சிரிக்கவில்லை.

ஐந்தாம் நாள் மாலை, ஒன்பதாம் கரைக்கும் பத்தாம் கரைக்கும் நடுவில், அபி துடுப்புப் போடுவதை நிறுத்தினாள். தோணி தானாக மெதுவாக மிதந்தது. திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

“அப்பா, ஒண்ணு கேக்கட்டா? ஏர்போர்ட்ல முத்திர குத்துனா அன்னைக்கே கார்டுக்கு உயிர் வந்திரும்லா?”

“ஆமா. நாட்டுக்குள்ள நொழஞ்சாச்சுன்னா கணக்கு மறுபடியும் ஒண்ணுலேருந்துதான்.”

“அப்போ செலின் மாமி செத்த அன்னைக்கு நாங்க இங்க வந்து மூணு நாள் ஆயிருந்து. கார்டு வேல முடிஞ்சாச்சு. என்னைய அடுத்த ஃபிளைட்ல அனுப்பிருக்கலாம்லா.”

அடுக்களையிலிருந்து லதா வந்தாள். கையில் மாவு. “ஏட்டி, இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? போன் வந்த அன்னைக்கு நாலு மணிக்கே அடக்கமும் முடிஞ்சிட்டு. நீ பறந்து போனாலும் கண்டிருக்க மாட்ட.”

“அடக்கத்துக்கு இல்லம்மா. அதுக்குப் பொறவு ஒரு ராத்திரி உண்டும்லா. ஷைனிக்கு அப்பாவும் கடல்ல. அவ தனியா கெடந்தா.”

லதா மாவுக் கையோடு நின்றாள். அபிதான் மறுபடியும் பேசினாள்.

“நான் கேட்டேன் அப்பா. நாளைக்குப் போலாமான்னு. ‘ஞாயித்துக்கெழமைக்குத்தான் டிக்கெட்டு, இன்னும் நாலு நாளுதானே மக்கா’ன்னு சொன்னீங்க. பொறவு தோணி ஆடலாமான்னு கேட்டீங்க.”

“நீ சரின்னு தானே சொன்ன?”

“ஆமா. சரின்னுதான் சொன்னேன்.”

லதா கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அபி அழவில்லை. “ஊருக்குப் போய் ஷைனியப் பாக்கப் போனேன். எல்லாரும் இருந்தாவ. ‘மஸ்கட்லேருந்து சாக்லேட் கொண்டாந்தியா?’ன்னு கேட்டா. வேற ஒண்ணும் கேக்கல்ல. அப்பொறம் பஸ்ல வேற சீட்டுல இருக்க ஆரம்பிச்சா. அடுத்த வருசம் செலின் மாமிக்கு ஆண்டுப் பூசை வச்சாவ. அப்பவும் நான் இங்கதான் இருந்தேன்.”

பிறகு துடுப்பை எடுத்தாள். “வெளக்கத் தூக்குங்க அப்பா. ஒண்ணும் தெரியல்ல.”

அந்த வருகையில் பதினோரு கரைகளை முடித்தோம். கடைசிக் கரை ஆறு கடலில் சேருகிற இடம். “நம்ம பொழி மாதிரியே இருக்கு,” என்றாள். அடுத்த நாள் விமானம். “நவம்பர்ல வரும்போ முடிப்போம்,” என்றேன். அவள் பெட்டியின் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

5

அவர்களை அனுப்பிவிட்டு வந்து 2011 டைரியை எடுத்தேன். என்னுடைய டைரிகள் வருட வரிசையில் இரும்பு அலமாரியில் இருக்கின்றன. எதையும் விட்டதில்லை என்று நம்பியிருந்தேன். அந்த நாளின் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்:

‘காலை 10.20: ஊரிலிருந்து போன் (அடுத்த வீட்டு செலின் மரணம், நெஞ்சுவலி). மதியம் சூரைக் குழம்பு. மாலை 4 முதல் 6 வரை தோணி. பன்னிரண்டாம் கரை முடிந்தது. அபி அதிகம் பேசவில்லை. ஜலதோஷமாக இருக்கலாம்.’

அதன் கீழே, நான்கு மூலையும் நேராகப் பசை தடவி ஒட்டிய சான்றிதழ்.

நாளைக்குப் போகலாமா என்று அவள் கேட்டது அதில் இல்லை. மீன் குழம்பு இருக்கிறது. மறுநாள் பக்கத்தில் அவளுக்கு நான் மாத்திரை வாங்கிக் கொடுத்ததும் இருக்கிறது. ஜலதோஷத்துக்கான மாத்திரை. அதை அவள் வாங்கி விழுங்கியிருக்கிறாள்.

6

ஜூனில் அபி நாகர்கோவிலில் கல்லூரி சேர்ந்தாள். சுவரில் நான் ஒட்டியிருந்த தாளில் அடுத்த கெடு நவம்பர் இருபது. செப்டம்பரில், நூற்றுப் பத்தாம் நாள் வாக்கில், டிக்கெட் பேச்சை எடுத்தேன்.

“நவம்பர்ல நான் வரல்ல அப்பா,” என்றாள். “செலின் மாமிக்கு ரெண்டாம் ஆண்டு. இந்தத் தடவ நான் இங்க இருக்கணும்.”

“அப்போ அக்டோபர்ல வா மக்கா. ஆயுதபூசை விடுமுறை உண்டும்லா. வந்து இறங்குனாப் போதும், மறுநாளே அனுப்பி விடுகேன்.”

“அக்டோபர்ல வந்தா அடுத்தது ஏப்ரல். பொறவும் அக்டோபர். இதுக்கு ஒரு முடிவு இல்லல்லா அப்பா. எட்டாம் வகுப்புலேருந்து யாராவது எதுக்காவது கூப்பிட்டா, ‘அன்னைக்கு நான் ஊர்ல இருப்பேனா?’ன்னு யோசிச்சுட்டுத்தான் பதில் சொல்லுகேன். அந்தக் கார்டச் சாக விடுங்க.”

கோபமில்லாமல்தான் சொன்னாள். நான் கிடங்குக்குப் போனேன், வந்தேன். ஒவ்வொரு நாளும் சுவர்த் தாளில் நாள் எண் ஒன்றை எழுதி அடித்தேன். நூற்று இருபது. நூற்று முப்பது. அந்த அட்டை எனக்கு என்னவாக இருந்தது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அபி படிப்பை முடித்து இங்கேயே ஒரு வேலைக்கு வருவாள், லதாவும் வருவாள், மூன்று பேரும் மறுபடியும் ஒரே வீட்டில் இருப்போம் என்று ஏழு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை. அட்டை உயிரோடு இருக்கிறவரை அது நடக்கலாம்.

லதாவிடம் சொல்லிப் பார்த்தேன். “பிள்ள வராம நான் மட்டும் வந்து அங்க யாருக்குச் சோறு பொங்க? அவள இங்க தனியா விட்டுட்டும் வர முடியாது. எங்க ரெண்டு பேருக்கும் சேத்து நீங்கதான் ஒரு முடிவு சொல்லணும்,” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “நீங்க கண்டிப்பாச் சொன்னா வருவா. உங்க பேச்சத் தட்ட மாட்டா,” என்றாள்.

எனக்கும் அது தெரியும். நூற்று ஐம்பதாம் நாள் அபியை அழைத்தேன். என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் நான்கு வரி எழுதி வைத்திருந்தேன். இரண்டாவது வரிக்குமேல் போக அவள் விடவில்லை.

“அப்பா, நீங்க வரச் சொன்னா வாறேன். சரின்னு சொல்லுவேன். அது உங்களுக்குத் தெரியும்லா?”

அந்த ‘சரி’யை நான் முன்பே கேட்டிருக்கிறேன். அதைக் கேட்டுவிட்டு இரண்டு மணி நேரம் தோணி ஓட்டியிருக்கிறேன்.

“வேண்டாம் மக்கா,” என்றேன். “நீ பூசைக்கு இரு.”

போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “ஜலதோஷமா?” என்று என் வாயில் வந்தது. கேட்காமல் விட்டேன்.

7

அட்டை தானாகச் சாகும். ஆனால் அதைப் பதிவிலிருந்து நீக்க, பொறுப்பாளன் நேரில் போக வேண்டும். நூற்று எண்பத்தொன்றாம் நாள் காலை லீவு போட்டுவிட்டுப் போனேன். இரண்டு படிவம், இரண்டு புகைப்படம், இரண்டு பாஸ்போர்ட் நகல், இரண்டு அட்டைகள். எல்லாவற்றையும் ஊசி குத்தி வரிசையாக வைத்திருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் மகன் வயதில் ஒரு இளைஞர். மரியாதையானவர். எல்லாத் தாளும் சரியாக இருப்பதைப் பார்த்து அவருக்கே ஆச்சரியம்.

மகள் ஏன் வரவில்லை என்று அரபியில் கேட்டார். கல்லூரி, பூசை, பஸ்ஸில் வேறு சீட்டு, இதையெல்லாம் சொல்லும் அரபி என்னிடம் இல்லை. கிடங்கில் பெட்டிகளைப் பற்றிப் பேசும் அரபிதான் உண்டு. “கபீரா,” என்றேன். பெரியவளாகிவிட்டாள். கல்யாணம் என்று நினைத்தாரோ என்னவோ, முகம் மலர்ந்து “மப்ரூக்” என்று வாழ்த்தினார். நானும் நன்றி சொன்னேன்.

அட்டைகளை அவர் ஒரு துளைக்கருவியில் வைத்து அமுக்கினார். அபியின் அட்டையில் துளை விழுந்தது படத்துக்குப் பக்கத்தில், முகத்தில் படவில்லை. அந்தப் படம் அவளுக்குப் பதினாறு வயதில் எடுத்தது. இரட்டைப் பின்னல் போட்டிருக்கிறாள். பின்னியது யார் என்று யோசித்தேன். அட்டை அவர்களுடையது, திருப்பித் தரமாட்டார்கள். நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்று தோணியைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகும் திறக்கவில்லை. விளையாட்டோடு வந்த சின்னப் புத்தகத்தை மட்டும் ஒருமுறை முழுவதும் படித்தேன். பன்னிரண்டாம் கரையைப் பற்றி அதில் மூன்று வரிதான். மகள் இறங்கிக் கரையில் நிற்பாள். அப்பா விளக்கை உயர்த்திப் பிடித்திருக்கும்வரை அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துத் தோணிக்கே வந்துவிடுவாள். எத்தனை தடவை இறங்கினாலும் அப்படித்தான். அணைக்க வேண்டியதில்லை, தாழ்த்தினால் போதும்.

8

இன்று பதினொன்றுக்கு ஊருக்கு போன் செய்தேன். நாலாவது மணியில் அபி எடுத்தாள். பின்னால் ஒரே கூட்டச் சத்தம், பாத்திரச் சத்தம்.

“அப்பா, நான் ஷைனி வீட்டுல நிக்கேன். செலின் மாமிக்கு மூணாம் ஆண்டுல்லா, பூசை முடிஞ்சு இப்பத்தான் பந்தி போட்டிருக்கு. அம்மாவும் இங்கதான் இருக்கா. பொறவு கூப்பிடட்டா?”

“சாப்பிட்டியா மக்கா?”

“கடைசிப் பந்தியிலதான்.”

அதற்குள் ஒரு பெண் குரல் பக்கத்திலிருந்து கேட்டது. “ஏட்டி அபி, போன வச்சுட்டு வாளியப் பிடி. அங்க எலையப் போட்டுட்டு இருந்துட்டிருக்காவ.”

அபி எனக்குப் பதில் சொன்னாளா அந்தக் குரலுக்குச் சொன்னாளா தெரியவில்லை. “இன்னா வாறேன்,” என்றாள். போன் நின்றுவிட்டது.

அது ஷைனியின் குரலா, வேறொருத்தியுடையதா? ஷைனியின் குரலை நான் கேட்டதே இல்லை. அவள் வீட்டுச் சுவர் எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து பத்தடி. வருடத்துக்கு முப்பது நாள் நான் எங்கள் வீட்டில் இருக்கிறேன்.

டைரியில் எழுதினேன்: ‘11.00. அபி. நாற்பது வினாடி.’ வழக்கமாக அதன் பக்கத்தில் ஒரு காரணம் எழுதுவேன். அவசரமாக இருந்தாள், களைப்பாக இருந்தாள், தொடர்பு சரியில்லை என்று ஏதாவது. இன்று அந்த இடத்தை வெறுமனே விட்டேன்.

நாலு மணிக்குக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். பதினெட்டு மாதத் தூசியைத் துடைத்தேன். இரண்டு ஜாய்ஸ்டிக்கையும் சொருகினேன். பொழிமுகம் வந்தது. தோணி மணலில் தட்டி நின்றது. மகள் இறங்கிக் கரையில் நின்றாள். முன்னால் பனி. அதற்கு அப்பால் ஒரு ஊரின் கூரைகள் இருக்கிற மாதிரி இருந்தது.

என் கையில் விளக்கு. அவளை நடத்துகிற ஜாய்ஸ்டிக் மேசையின் அந்தப் பக்கம், அபி உட்காரும் நாற்காலிக்கு முன்னால் கிடந்தது. எட்டினால் எடுக்கலாம். அவளாக நான் நடந்து அவளை ஊருக்குள் கொண்டுபோய்விடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. நான் அப்படிச் செய்யக்கூடியவன்தான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். விளக்கு உயர்ந்தே இருந்தது. தோணியை நோக்கி இரண்டு அடி வைத்தாள்.

பொத்தானை அழுத்தி விளக்கைத் தாழ்த்தினேன். திரை மங்கியது. தோணிக்குள் இருந்த கிழவரின் முழங்கால்கள் மட்டும் வெளிச்சத்தில் தெரிந்தன. அவள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அவளை நகர்த்த யாரும் இல்லை, ஆட்டம் நின்றுபோயிற்று என்றே நினைத்தேன். பிறகு, நாற்காலி காலியாக இருக்க, மேசை மேல் கிடந்த ஜாய்ஸ்டிக்கை யாரும் தொடாமல் இருக்க, அவள் நடக்கத் தொடங்கினாள். மணலில் கால் புதையப் புதைய நடந்தாள். பனிக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மணி நாலு இருபது. அதை மட்டும் எழுதி வைத்தேன்.